எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் பொருத்தம் பார்த்தல்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையிலே சமயச் சொற்பொழிவும் இலக்கிய விருந்தும் கேட்டுப் பழகிய இச்சபையின் முன்னே, இரும்பையும் எண்ணெயையும் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சிலருக்கு இது விநோதமாகத் தோன்றலாம். ஆனால் மாங்கேணியிலே நமது சங்கத்து இளைஞர் எண்மர் ஒன்று கூடி, இருவர் அமர்ந்து செல்லவும் பின்னே சில பெட்டிச் சாமான் ஏற்றவும் தக்க சிறு மோட்டார் வண்டியொன்றைத் தம் கையாலேயே கட்டுவதென்று முடிவு செய்திருப்பதை நீங்கள் அறிவீர்கள். அதற்காக அவர்கள் சேர்த்து வைத்திருக்கும் பணம் எளிதில் வந்த பணமன்று. ஒருவர் கடலுக்குப் போய் உழைத்தது; ஒருவர் வயற்கூலியிலே மிச்சம் பிடித்தது; இன்னொருவருக்கு மத்திய கிழக்கிலே வேலை செய்யும் அக்கா அனுப்பியது. அந்தப் பணம் ஒரு முறை வாங்குவதற்கே போதும். பிழையான எஞ்சினை வாங்கிவிட்டால் மற்றொன்று வாங்க வழியில்லை. ஆகவே, எந்தப் பழைய வண்டியிலிருந்து எஞ்சினையும் கியர்பொக்ஸையும் எடுப்பது என்ற கேள்வி விளையாட்டுக் கேள்வியன்று.

பட்டினத்து மிஷன் பாடசாலையிலே பௌதிகம் படித்து, இப்பொழுது பல்கலைக்கழகத்திலே பயின்றுகொண்டிருக்கும் நாம் கராச்சிலே வளர்ந்தவர்கள் அல்லோம். ஆயினும் புத்தகத்துக் கணக்கையும் கராச்சுக்காரரின் அனுபவத்தையும் ஒன்று சேர்த்து இச்சபையில் வைப்பது எமது கடமை என்று கருதுகிறோம்.

முதலிலே, பெரியோர் கேட்கும் கேள்விக்கு விடை கூற வேண்டும். "ஏன் இந்த வீண் வேலை? காசு சேர்த்து ஒரு வண்டியை வாங்கினால் என்ன?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே இந்நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் கதவு திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளிலே பழைய வாகனங்கள் கூடப் புதுப்பெண்ணைப் போல விலை பேசப்பட்டதை நாம் கண்ணாரக் கண்டோம். 2022இல் எரிபொருள் நெருக்கடி வந்தது. அவ்வாண்டு யூலை மாதத்திலே கியூ.ஆர். முறை தொடங்கியபோது, வாரமொன்றுக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். அந்த நாட்கள் நமக்குக் கற்பித்தது ஒன்றுண்டு. வண்டியை வைத்திருப்பது மட்டும் போதாது. அதனைப் புரிந்துகொள்ளவும், பழுது பார்க்கவும், குறைந்த எண்ணெயிலே ஓட்டவும் தெரிந்திருக்க வேண்டும். தன் கையாலே ஒரு வண்டியைக் கட்டியவனுக்கு அந்த அறிவு வந்தே தீரும்.

தட்டுப்பாட்டுக் காலத்திலே வண்டி கட்டுவது உலகத்துக்குப் புதிதுமன்று. இலண்டன் யூனிவர்சிற்றிக் கல்லூரியிலே பொறியியல் படித்துக்கொண்டிருந்த கொலின் சப்மன் என்னும் இளைஞர் பழைய கார்களை வாங்கி விற்றுக் கைச்செலவுக்குப் பணம் தேடி வந்தார். 1947இல் பிரித்தானிய அரசாங்கம் சாதாரண மக்களுக்கான பெற்றோல் பங்கீட்டை நிறுத்தியதும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. விற்க முடியாமற் கையிலே தங்கிய பழைய ஒஸ்ரின் செவன் காரொன்றைப் பிரித்து, 1948இல் தமது முதலாவது வண்டியைக் கட்டினார். அப்பொழுது அவருக்கு இருபது வயது. நம் சங்கத்துத் தம்பிமாரின் வயதுதான்! அவர் ஆரம்பித்த லோட்டஸ் நிறுவனம் 1952இல் லோட்டஸ் மார்க் சிக்ஸ் என்ற வண்டியையும், 1957இல் லோட்டஸ் செவன் என்ற வண்டியையும் உதிரிப் பாகங்களாகவே விற்றது. முழுக்காருக்கு அந்நாட்டிலே கொள்வனவு வரி உண்டு, உதிரிக்கு இல்லை. வாங்கியவர்கள் வீட்டுக் கொட்டிலிலே வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். எஞ்சினுக்கு எங்கே போனார்கள்? இங்கிலாந்துத் தெருவெல்லாம் ஓடிய ஃபோர்ட் கார்களின் 1172 சி.சி. எஞ்சினையே பெரும்பாலும் எடுத்தார்கள். அது ஒன்றும் பெரிய பலசாலியன்று. மலிவானது, எங்கும் கிடைப்பது, எல்லோருக்கும் பழக்கமானது. அதுதான் அதன் பெருமை.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன் என்பவர், 1954இல் பிறந்து 1995இல் காலமானவர். நெசவாலைத் தொழிலிலே இருந்துகொண்டே, பந்தயக் கார்களைக் குறைந்த செலவிலே உள்ளூரில் செய்யலாம் என்று காட்டியவர் அவர். மேல்நாட்டுப் பந்தய எஞ்சினை இறக்குமதி செய்ய அவர் காத்திருக்கவில்லை. இந்தியாவின் சந்துபொந்தெல்லாம் ஓடிக்கொண்டிருந்த மாருதி 800 காரின் எஞ்சினையும் கியர்பொக்ஸையும் எடுத்து, ஓட்டுநரின் முதுகுப்புறத்தே வைத்து, ஒற்றை ஆசனப் பந்தயக் கார்களைக் கட்டினார். ஃபோர்முலா மாருதி என்று பெயர் பெற்ற அவ்வகை வண்டியிலே, ஸ்ரீபெரும்புதூர் ஓடுகளத்திலே பந்தய வாழ்வைத் தொடங்கியவர்தான் நரேன் கார்த்திகேயன். 2005இல் ஃபோர்முலா ஒன் பந்தயத்திலே ஓடிய முதலாவது இந்தியர் என்ற பேரை அவர் பெற்றார். சாதாரணக் குடும்பக் காரின் எஞ்சினிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இதனைவிடச் சாட்சி வேண்டுமோ?

இனி எமது சபையின் பிரச்சினைக்கு வருவோம். இளைஞரிடையே மூன்று கட்சிகள் உள்ளன. ஒரு கட்சி, விபத்திலே நொருங்கிய ஜப்பான் காரொன்றின் 1500 சி.சி. எஞ்சினைப் போட வேண்டும் என்கிறது. இரண்டாம் கட்சி, மோட்டார் சைக்கிள் எஞ்சினே இலேசானது, அதுவே போதும் என்கிறது. மூன்றாம் கட்சி, சுசுகி வகையிலே மூன்று சிலிண்டர் சிற்றெஞ்சின் ஒன்றைத் தேடுவோம் என்கிறது. ஒவ்வொரு கட்சியும் எஞ்சினின் பேரைத்தான் சொல்கிறதேயன்றி, அதனோடு சேரும் மற்றவற்றைச் சொல்வதில்லை. லொறி ஓட்டி ஓய்ந்த பெரியவர் ஒருவர் இந்த வாதத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கலியாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பாக்கிறம். இரும்புக்குப் பாக்க வேணாமா மனே?" அந்த ஒரு வாக்கையே இன்றைய பேச்சின் அடிப்படையாகக் கொள்கிறோம். பத்து வேண்டாம், ஏழு பொருத்தம் பார்ப்போம்.

முதலாவது, கிடைப் பொருத்தம். எஞ்சின் வண்டியிலே நெடுக்காகக் கிடக்கிறதா, குறுக்காகக் கிடக்கிறதா என்பதே முதலிற் பார்க்க வேண்டியது. மொறிஸ் மைனரிலே எஞ்சின் நெடுக்காகக் கிடக்கும். அதன் பின்னே கியர்பொக்ஸ். அங்கிருந்து ஒரு நீண்ட சாப்ட் போய்ப் பின் அச்சைச் சுழற்றும். அதே மொறிஸ் மைனரை வரைந்த அலெக் இசிகோனிஸ் என்பவரே 1959இல் மினி காரிலே எஞ்சினைக் குறுக்கே திருப்பி வைத்து, முன் சக்கரங்களைச் சுழலச் செய்தார். இன்றைய சிறு கார்களிற் பெரும்பாலானவை இந்தக் குறுக்கு வகையே. குறுக்கு எஞ்சினை நெடுக்கு வண்டியிலே வைக்கப் போனால் சாப்டுக்கும் பின் அச்சுக்கும் இடமே இராது. வேண்டுமானால், கரிவரதன் செய்ததுபோல எஞ்சின், கியர்பொக்ஸ் எல்லாவற்றையும் ஒரே பொதியாகப் பின்னே கொண்டுபோய் வைக்கலாம். அப்படிச் செய்யும்போதும் முன்னே எந்தத் திசையை நோக்கி இருந்ததோ அதே திசையிலேயே வைக்க வேண்டும். திருப்பி வைத்தால், முன்னே போக ஒரு கியரும் பின்னே போக நான்கு கியரும் உள்ள அதிசய வண்டி கிடைக்கும்!

இங்கே ஒரு சுவையான செய்தி உண்டு. மாருதி 800 காரிலும் மாருதி ஒம்னி வானிலும் ஓடியது ஒரே குலத்து 796 சி.சி. எஞ்சின். ஆனால் காரிலே அது குறுக்காகக் கிடந்து முன் சக்கரத்தைச் சுழற்றியது. வானிலே ஆசனத்தின் கீழ் நெடுக்காகக் கிடந்து பின் சக்கரத்தைச் சுழற்றியது. எஞ்சின் ஒரு குலம், கியர்பொக்ஸோ வெவ்வேறு. ஆகவே "எண்ணூறு எஞ்சின் வாங்கிவிட்டோம்" என்று சொல்வது போதாது. எந்த எண்ணூறு என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது, சோடிப் பொருத்தம். பழகிய சோடி மாட்டைப் பிரித்து, ஓரிடத்து மாட்டையும் வேறிடத்து எருமையையும் ஒரே நுகத்திற் பூட்டினால் என்ன நடக்கும் என்பது வயல் உழுத பெரியோருக்குத் தெரியும். கொழும்பு பஞ்சிகாவத்தையிலே எஞ்சின் ஒன்று, வேறோரிடத்திலே கியர்பொக்ஸ் ஒன்று என்று வாங்கினால் அதே கதிதான். எஞ்சினின் முதுகிலுள்ள போல்ற் துளைகளும் கியர்பொக்ஸின் மணிவடிவ உறையிலுள்ள துளைகளும் ஒத்து வரா. கிளச் தட்டின் நடுவேயுள்ள பற்களும், அதற்குள் நுழையும் சாப்டின் பற்களும் எண்ணிக்கையிலே மாறும். இடையிலே ஓர் இரும்புத் தகட்டைச் செய்து பூட்டலாம் என்று சிலர் சொல்வர். பூட்டலாம், ஆனால் எஞ்சினின் நடுக்கோடும் கியர்பொக்ஸின் நடுக்கோடும் ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்களவிற்குள் ஒன்றாக நிற்க வேண்டும். அது நல்ல கடைசல் இயந்திரமும் அளவுக் கருவியும் உள்ள இடத்து வேலை. தவறினால் கிளச்சும் பெயறிங்கும் சிறிது காலத்திலேயே உயிர் விடும். ஆகவே தொழிற்சாலையிலேயே சோடி சேர்ந்த எஞ்சினையும் கியர்பொக்ஸையும் பிரிக்காமல் எடுப்பதே அறிவு.

சிங்காரா மோட்டோர்ஸ் நிறுவனத்தார் லோட்டஸ் செவன் பாணியிலே வண்டி செய்தபோது இதைத்தான் செய்தார்கள். அம்பாசிடர் காரிலே வந்த 1.8 லீற்றர் இசுசு எஞ்சினையும், அதனோடு வந்த ஐந்து கியர் பெட்டியையும் சோடியாகவே எடுத்துப் பூட்டினார்கள். அந்தச் சோடி நெடுக்கு வகை. பின் சக்கரம் சுழல்வது. இந்தியாவிலே டாக்சிக்காரர் கைபட்டது. ஒரே தேர்வில் மூன்று பொருத்தம்.

மூன்றாவது, எடைப் பொருத்தம். பெரிய எஞ்சின் கட்சியார் இதனைச் சற்றுப் பொறுமையோடு கேட்க வேண்டும். வண்டியின் சுறுசுறுப்பு எஞ்சினின் பரிவலுவினால் மட்டும் வருவதன்று. பரிவலுவை எடையாற் பிரித்தாற் கிடைக்கும் எண்ணே முக்கியம். மாருதி 800 கார் ஏறத்தாழ 650 கிலோ. எஞ்சின் சுமார் 37 பரிவலு. நூறு கிலோவுக்கு ஐந்தரைப் பரிவலுவுக்குச் சற்று மேல். அதே எஞ்சினை 450 கிலோ எடையுள்ள இலேசான வண்டியிலே வைத்தால், நூறு கிலோவுக்கு எட்டுப் பரிவலுவைத் தாண்டும். ஒரு சதமும் செலவில்லாமல் எஞ்சின் பெருத்ததற்குச் சமம்.

லோட்டஸ் செவனின் உரிமையை 1973இல் பெற்ற கேற்றர்ஹாம் நிறுவனம், நாற்பது ஆண்டுகளின் பின் வெளியிட்ட 160 என்ற வண்டியிலே வைத்த எஞ்சின் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? 660 சி.சி. வகை சுசுகி எஞ்சின்! மூன்று சிலிண்டர், டேர்போ பூட்டியது, 80 பரிவலு. ஐந்து கியர் பெட்டியும் பின் அச்சும் கூடச் சுசுகியுடையதே. வண்டியின் எடை 490 கிலோ. உலகப் பேர் பெற்ற ஓட்ட வண்டிக்கு, நம் தெருவிலே மரக்கறி ஏற்றித் திரியும் எவ்ரி வானின் உறவினரே போதும் என்றால், மாங்கேணிக்கு 1500 சி.சி. எதற்கு?

பாரமான எஞ்சின் வந்தால் அடிச்சட்டம் தடிக்க வேண்டும். சட்டம் தடித்தால் சுருளி தடிக்க வேண்டும். சுருளி தடித்தால் பிரேக் தடிக்க வேண்டும். எல்லாம் தடித்தபின் எஞ்சின் போதாது என்று மறுபடியும் தோன்றும். பழந்துருத்தியிலே புதுரசம் வார்த்தால் துருத்தி கிழியும் என்று மிஷன் பாடசாலையிலே கேட்ட உவமை இதற்கு மிகவும் பொருந்தும். பௌதிகம் சொல்வது இன்னும் கண்டிப்பானது. வேகம் இரண்டு மடங்கானால், நிறுத்துவதற்கு பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நான்கு மடங்காகும். 40 கிலோமீற்றர் வேகத்துக்குப் போதுமான பிரேக்கை வைத்துக்கொண்டு 80இல் ஓடுகிறவன் தன் உயிரோடு மட்டும் விளையாடவில்லை.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது. கொடுக்கும் வண்டி பாரமானதாகவும், கட்டும் வண்டி இலேசானதாகவும் இருக்க வேண்டும். பல பேரையும் சாமானையும் சுமக்க வகுத்த வானின் கியர்பொக்ஸும் பின் அச்சும் பிரேக்கும், இருவர் போகும் வண்டிக்கு வரும்போது மூச்சு விட்டு வேலை செய்யும். ஆனால் ஓர் எச்சரிக்கை: எடை குறைந்த பின்புறத்திலே பின் பிரேக் முந்திப் பிடித்துச் சக்கரம் வழுக்கக்கூடும். முன் பிரேக்கும் பின் பிரேக்கும் பங்கிடும் அளவை வெறும் மைதானத்திலே சோதித்துச் சரி செய்த பின்னரே ஓட வேண்டும்.

நான்காவது, விகிதப் பொருத்தம். கணக்குப் படித்த தம்பிமார் இதனைக் குறித்துக்கொள்ளுங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 4000 முறை சுழல்கிறது. மேற்கியர் ஒன்றுக்கு ஒன்று. பின் அச்சிலே நான்குக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் நிமிடத்துக்கு 1000 முறை சுழலும். ரயரின் சுற்றளவு 1.7 மீற்றர் என்றால், வண்டி மணிக்கு 102 கிலோமீற்றர் போகும். பின் அச்சு ஐந்துக்கு ஒன்றானால், அதே எஞ்சின் ஓட்டத்திலே வேகம் ஏறத்தாழ 82 கிலோமீற்றர்தான். பாரம் இழுக்கும் வானிலே பின் அச்சு விகிதம் கூடியிருப்பது வழக்கம். பட்டணத்துப் பிள்ளைகள் இதைக் குறை என்பார்கள். மணல் ஒழுங்கையிலே சாமானோடு புறப்பட வேண்டிய நமக்கு அது குறையன்று, கொடை. நல்ல தெருவிலே 70, 80இல் ஓடினால் நமக்குப் போதாதா?

மோட்டார் சைக்கிள் கட்சிக்கும் இங்கேயே விடை கூறுவோம். இந்தியாவிலே பொறியியல் மாணவர்கள் பங்குபற்றும் சுப்ரா போன்ற போட்டிகளிலே மோட்டார் சைக்கிள் எஞ்சின்களையே வைத்துக் கட்டுகிறார்கள் என்பது உண்மை. 710 சி.சி.க்கு மேற்படாத எஞ்சின் என்பது அவ்வகைப் போட்டியின் விதி. எஞ்சினும் கியரும் ஒரே கூட்டிலே இருப்பதும், எடை குறைந்திருப்பதும் அதன் நன்மைகள். ஆனால் அவை ஓடுகளத்திலே ஓடி வீடு திரும்பும் வண்டிகள். நமது வண்டி ஒழுங்கையிலே எதிரே மாட்டு வண்டி வந்தால் பின்னே வர வேண்டும். மோட்டார் சைக்கிளிலே பின்செல்லும் கியர் இல்லை. ஆளோடு சேர்ந்து இருநூறு, முந்நூறு கிலோ இழுக்கச் செய்த அதன் கிளச், அறுநூறு கிலோவை மணலிலே இழுக்கும்போது சூடேறிக் கருகும். நாலு சக்கரத்துக்குச் சிற்றெஞ்சின் வேண்டுமென்றே தொழிற்சாலையில் செய்த பஜாஜ் கியூட் வண்டியிலே 216 சி.சி. எஞ்சின், ஆனால் அதற்கென்று ஐந்து கியரும் பின்கியரும் கொண்ட தனிப்பெட்டி வகுத்து, வேகத்தையும் மணிக்கு 70 கிலோமீற்றருக்குள் அடக்கினார்கள். அந்த வசதி நம்மிடம் இல்லை.

ஐந்தாவது, எண்ணெய்ப் பொருத்தம். 1990இலிருந்து சில ஆண்டுகள் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பொருளாதாரத் தடை இருந்தது. பெற்றோல் கிடைக்காத அக்காலத்திலே ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயிலே ஓடின. சிறு போத்தலில் இருந்த பெற்றோலைக் காபரேற்றருக்குள் சில துளி விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். புகையும் நாற்றமும் இருந்தன. ஆயினும் நோயாளி ஆசுபத்திரிக்குப் போனான். புதிய கார்கள் முடங்க, பழைய கார்கள் எப்படி ஓடின? அழுத்த விகிதம் குறைவு என்பதே முக்கிய காரணம். மண்ணெண்ணெய் உயர்ந்த அழுத்தத்திலே ஒழுங்காக எரியாது, அடித்து நொறுக்கும். இன்றைய பெற்றோல் எஞ்சின்கள் பல பத்துக்கு ஒன்றும் அதற்கு மேலும் அழுத்துவன. மண்ணெண்ணெயிலே ஓட்டுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. எஞ்சினைத் தேரும்போதே, நெருக்கடி நாளிலே இது என்ன குடிக்கும், எவ்வளவு குடிக்கும் என்று கேட்க வேண்டும் என்பதே கருத்து.

இதனோடு சேர்ந்தது மூளைப் பொருத்தம். காபரேற்றர் எஞ்சினுக்கு மூளை தனியாக இல்லை. பிந்திய எஞ்சின்களுக்குக் கணினிப்பெட்டி உண்டு. அதற்கு உணர்கருவிகள் பல, வயர்க்கற்றை ஒன்று, சில வண்டிகளிலே திறப்பையும் அறிந்துகொள்ளும் பூட்டு ஒன்று. எஞ்சினை மட்டும் கழற்றி எடுத்து, வயரை வெட்டிவிட்டு வந்தால், அது உயிரற்ற உடல்தான். கணினிப்பெட்டியையும், வயர்க்கற்றையை ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும், திறப்பையும் கூட எடுக்க வேண்டும். வயரை அறுக்குமுன் ஒவ்வோர் இணைப்புக்கும் துண்டுச் சீட்டுக் கட்டிப் படமும் எடுத்து வைத்தால் பின்னே கண்ணீர் விட வேண்டியதில்லை.

ஆறாவது, ஊர்ப் பொருத்தம். வாழைச்சேனையிலும் ஓட்டமாவடியிலும் உதிரிப் பாகம் கிடைக்குமா? நமது பக்கத்துக் கராச்சுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டக்கூடிய எஞ்சினா? இந்தக் கேள்விகளுக்கு விடை இல்லாவிட்டால், எவ்வளவு உயர்ந்த எஞ்சினும் முற்றத்திலே கோழி முட்டையிடும் கூடாகிவிடும். நாம் கேட்ட கராச்சு அண்ணன் ஒருவர் சொன்னார்: "தம்பி, நல்ல எஞ்சின் எண்டு ஒண்டுமில்ல. சாமான் கிடைக்கிற எஞ்சின்தான் நல்ல எஞ்சின்." அதனோடு நாம் கடற்கரையிலே வாழ்கிறோம் என்பதையும் மறத்தலாகாது. உப்புக்காற்று றேடியேற்றரையும் வயர் முனைகளையும் மெல்ல மெல்லத் தின்னும். டேர்போ போன்ற நுட்பங்கள் கூடினால் சூடும் கூடும், பழுதும் கூடும். ஆகவே கேற்றர்ஹாம் செய்ததைப் பார்த்து டேர்போவுக்கு ஆசைப்பட வேண்டாம். அதன் தம்பியே நமக்குப் போதும்.

ஏழாவது, பத்திரப் பொருத்தம். இதனைக் கடைசியிலே சொல்வது கடைசியானது என்பதனாலன்று. 1951ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ், பதிவில்லாத வண்டி பொதுத் தெருவில் ஓடக்கூடாது. பதிவுப் புத்தகத்திலே எஞ்சின் இலக்கமும் சேசிஸ் இலக்கமும் எழுதப்பட்டுள்ளன. பத்திரமில்லாத எஞ்சின் மலிவாக வரும். ஏன் மலிவு என்று கேட்டால் விற்பவர் வானத்தைப் பார்ப்பார். அது களவுப் பொருளாயிருந்தால் வாங்கியவனே பொலிசுக்குப் பதில் சொல்ல வேண்டும். கையாற் கட்டிய வண்டியைத் திணைக்களத்தின் சம்மதமின்றித் தெருவில் விட முடியாது. பதிவில்லையேல் காப்புறுதியில்லை, காப்புறுதியில்லாத வண்டி ஒரு பிள்ளையை மோதிவிட்டால், எட்டுக் குடும்பத்தின் காணியும் வளவும் போனாலும் அந்தக் கணக்குத் தீராது. ஆகவே இளைஞர்களே, இரும்பிலே கை வைக்குமுன் காகிதத்திலே கை வையுங்கள். வண்டியின் படத்தையும் அளவையும் வரைந்து, கொடுக்கும் வண்டியின் பத்திரத்தோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு எழுதிக் கேளுங்கள். விடை வரும்வரை தனியார் வளவுக்குள்ளே மட்டும் ஓட்டுங்கள். அனுமதி கிடைக்காமற் போனாலும், கற்ற தொழில் உங்களை விட்டுப் போகாது. தெருவில் விட்டு உயிர் போனால் அது திரும்பி வராது.

ஏழு பொருத்தத்தையும் கூட்டிப் பார்த்தால் எமது முடிவு இதுதான். எஞ்சினைத் தேட வேண்டாம். ஒரு முழு வானைத் தேடுங்கள். மாருதி ஒம்னியானாலும், டேர்போ இல்லாத சுசுகி எவ்ரியானாலும், உடல் துருப்பிடித்தோ மோதுண்டோ இருந்து, எஞ்சினும் கியர்பொக்ஸும் பின் அச்சும் பத்திரமும் முழுதாயுள்ள வண்டி எது முதலில் வருகிறதோ, அதுவே நமது வண்டி. எஞ்சின், கிளச், கியர்பொக்ஸ், சாப்ட், பின் அச்சு, பிரேக், றேடியேற்றர், எண்ணெய்த் தாங்கி, வயர் எல்லாம் ஒரே குடும்பத்திலிருந்து வரும். எடுத்தது போக மிஞ்சிய கதவையும் கண்ணாடியையும் ஆசனத்தையும் விற்றால் போட்ட காசிலே ஒரு பங்கு திரும்பும்.

வாங்கப் போகும் நாளிலே மூன்று காரியம் செய்ய வேண்டும். முதலாவது, எஞ்சின் வண்டியிலே இருக்கும்போதே, குளிர்ந்த நிலையிலே ஸ்ரார்ட் செய்து பார்க்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறோம் என்று எழுந்துவிட வேண்டும். நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது; எண்ணெய் மூடியின் அடியிலே பால்போல் நுரை இருந்தால் தண்ணீர் கலக்கிறது. இரண்டாவது, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் மானியாற் பார்க்க வேண்டும். ஒன்றுக்கொன்று பத்து வீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விலையைப் பேச வேண்டாம், விட்டுவிடுங்கள். மூன்றாவது, எல்லாக் கியரிலும் ஓட்டி, ஓட்டத்திலே காலை எடுத்துப் பார்க்க வேண்டும். கியர் தானாகக் கழன்று பாய்ந்தாலோ, ஒரு கியரிலே மட்டும் ஊளையிட்டாலோ பெட்டிக்குள் நோய் உண்டு. கராச்சு அண்ணனைக் கூட்டிக்கொண்டு போங்கள்; அவருக்கு ஒரு நாட் கூலி கொடுப்பது இந்தக் காரியத்திலே மிக இலாபமான செலவு.

பெரியோர்களே, உங்களிடம் ஒன்று வேண்டுகிறோம். பணம் கேட்கவில்லை. மழைக்கு ஒதுங்க ஒரு கொட்டில், இரவிலே வேலை செய்ய ஒரு விளக்கு, வாரத்துக்கு ஒரு முறை வந்து பார்த்து, "இது சரியில்லை" என்று சொல்ல ஒரு பெரியவர். இவை கிடைத்தால் போதும். இந்தப் பிள்ளைகள் தெருவிலே மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு திரிவதைக் கண்டு கவலைப்பட்டிருக்கிறீர்கள். அதே வேக ஆசையை அளவுக்கும் நிறைக்கும் கணக்குக்கும் திருப்பிவிட இதனைவிட நல்ல வழி எமக்குத் தெரியவில்லை.

இளைஞர்களே, பெரிய எஞ்சினுக்கு ஆசைப்பட்ட தம்பிக்கு எம்மேல் கோபம் இருக்கலாம். கோபத்தை வைத்துக்கொண்டு கணக்கைப் போட்டுப் பாருங்கள். எமது கணக்கிலே பிசகு கண்டால் அடுத்த கூட்டத்திலே இதே மேடையிலே எழுந்து சொல்லுங்கள், திருத்திக்கொள்வோம். அதுவரை அந்த அக்கா அனுப்பிய காசு பெட்டியிலேயே இருக்கட்டும். பொருத்தமான வண்டி வந்த அன்று அதனை எடுப்போம்.